ஈரப்பெட்டி

பேகம்பூர்த் தெருக்களில் அந்த நாட்களில் காற்றுக்கு இரண்டு பெயர்கள்தான் இருந்தன. தோல் பதனிடும் ஷாப்புகளின் பக்கமிருந்து வந்தால் ஷாப்புக் காத்து. சிறுமலைப் பக்கமிருந்து வந்தால் மலைக்காத்து. ஷாப்புக் காற்றில் சுண்ணாம்புக் குழியின் காரமும் ஆவாரம்பட்டை ஊறலின் துவர்ப்பும் கலந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தெருக்காரர்களுக்கு அது வீட்டில் அடுப்பு எரிகிற வாசனை மாதிரி, இருப்பதே தெரியாது. மலைக்காற்று நல்ல வாசனைதான். ஆனால் அது வீசும்போது ஷாப்புக்காரர்களின் முகம் சுருங்கிவிடும். அதில் ஈரம் இருந்தால் நிழலில் காயப்போட்ட ஆட்டுத்தோல்கள் பூஞ்சை பூத்துப் போகும்.

நகராட்சிப் பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சராக இருந்த நர்கீஸ் அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் ஒருநாள், "இன்னைக்குக் காத்து எந்தத் திசையிலேர்ந்து வருது?" என்று கேட்டபோது வகுப்பு முழுக்க ஒரே குரலில், "ஷாப்புக் காத்து டீச்சர்!" என்றது.

"அப்படிச் சொல்லக்கூடாது. வடக்கு, தெக்குன்னு சொல்லணும்."

முன்வரிசையில் இருந்த புஷ்பம் எழுந்தாள். ஜட்கா ஓட்டும் சிலுவைமுத்துவின் மகள். "வடக்குக்கு வாடை கிடையாதே டீச்சர். அப்புறம் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

நர்கீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே ஒரு சேவல் இறகும் ஒரு பழைய குடைக்கம்பியும் கொண்டுவந்தாள். குடைக்கம்பியைச் செங்கல் நடுவில் நட்டு, மேலே மருந்துக்குப்பி ஒன்றைக் கவிழ்த்து, குப்பியின் முதுகில் இறகை அரக்கால் ஒட்டினார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் அது காற்றுக்கு ஏற்றபடி திரும்பித் திரும்பி நின்றது. நாலு திசையிலும் சுண்ணாம்பால் எழுத்துப் போட்டார்கள். வடக்குக்கு வாடை இல்லாமலே வடக்கு தெரிந்தது.

அவள் படித்த ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் வானத்தைக் கையால் செய்து பார்க்கச் சொல்லித் தந்திருந்தார்கள். அதை அவள் அப்படியே பேகம்பூருக்குக் கொண்டுவந்துவிட்டாள். பால்பவுடர் டப்பாவின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஈர்க்குச்சி ஒட்டி, காற்றின் கனத்தைப் பார்த்தார்கள். இரண்டு தட்டில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்து, எது முதலில் காய்கிறது என்று சண்டை போட்டார்கள். வெயில் தட்டில் ஒரு காக்கை வந்து குடித்துவிட்டுப் போனதால் அந்தச் சண்டை முடியவே இல்லை. நீலக் காகிதத்தில் பஞ்சு ஒட்டி மேகம் செய்தபோது வகுப்பறை முழுக்கப் பஞ்சு பறந்தது. பள்ளிக்கூட ஆயா அய்யம்மாள் விளக்குமாறோடு வந்து, "படிக்கிற புள்ளைகளா, மெத்த தைக்கிற புள்ளைகளா நீங்க?" என்று திட்டிக்கொண்டே அள்ளினாள்.

கடைசியாகச் செய்ததுதான் ஈரப்பெட்டி. அப்படிப் பெயர் வைத்தது பிள்ளைகள்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த, முன்பக்கம் திறந்த சின்னக் கூடு அது. மேலே ஒரு குண்டூசி. கீழே தையல் நூல் சுற்றிவரும் மரக்கட்டை ஒன்று, சுழலும்படி. குண்டூசியில் ஒரு முடியைக் கட்டி, அதைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியில் சட்டைப் பொத்தானைத் தொங்கவிட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், பொத்தான் இறங்கும். காய்ந்தால் முடி சுருங்கும், பொத்தான் ஏறும். கட்டையில் செருகிய ஈர்க்குச்சிதான் ஊசி, அது அதற்குத் தக்கபடி திரும்பும். ஒரு கோடியில் நீல மையில் 'ஈரம்'. மறு கோடியில் சிவப்பு மையில் 'வறட்சி'.

"யாரு முடி வேணும் டீச்சர்?" என்று ஆளுக்கு ஆள் சடையை முன்னால் இழுத்துப் போட்டார்கள். ஒருத்தியின் முடி எட்டவில்லை. எட்டியவர்களின் முடியில் விளக்கெண்ணெய் வழிந்தது. சவுக்காரத் தண்ணீரில் ஊறவைத்தும் பிசுக்குப் போகவில்லை. ஊசி அசையாமல் நின்றது. மணி அடிக்க நேரமாகிவிட்டது. நர்கீஸ் முக்காட்டுக்குள் கைவிட்டுத் தன் முடியில் ஒன்றைச் சுண்டி எடுத்தாள். அன்று காலையில்தான் சிகைக்காய் போட்டுக் குளித்திருந்தாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே வரும் முடி. அந்த நேரத்தில் அது அவளுக்கு முடியாகவே தோன்றவில்லை, குண்டூசி மாதிரி, பொத்தான் மாதிரி கருவியில் ஓர் உறுப்பாகத்தான் தோன்றியது.

பெட்டிமேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்தார்கள். ஊசி நீலத்தின் பக்கம் திரும்பியிருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் டீச்சரை ஏற்றிப்போக ஜட்காவோடு வந்த சிலுவைமுத்துவை மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "அப்பா, டீச்சர் முடி மழ வருமான்னு சொல்லுதுப்பா, வந்து பாரு." அவர் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். நிஜமாகவே வியந்து போனார். வியந்ததை மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்பதுதான் விஷயம். மறுநாள் காலை டீக்கடையில் பொறையை டீயில் முக்கியபடியே எல்லாரிடமும் சொன்னார்.

நர்கீஸின் புருஷன் அப்துல் லத்தீப் தோல்ஷாப்பு வைத்திருந்தார். அய்யலூர்ச் சந்தை ஆட்டுத்தோல்கள் அங்கேதான் வந்து இறங்கும். குழியில் தோல் மிதித்துக்கொண்டிருந்த பொம்மையன் வாய் சும்மா இருக்காது. அன்று வானம் மூட்டமாக இருந்தது. காய்ப்பந்தலில் தோலைப் போடலாமா என்று லத்தீப் அண்ணாந்து பார்த்தபோது பொம்மையன் சொன்னான்.

"ராவுத்தரே, வானத்த ஏன் பாக்குறீக? வீட்டுல கேட்டுட்டு வந்திருக்கலாம்ல. டீச்சரம்மா முடியே மழ சொல்லுதாமே."

குழியிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். பொம்மையனுக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் லத்தீபின் காதுமடல் சிவந்துவிட்டது.

அந்த வீட்டில் சீவி விழுந்த முடியைக் குப்பையில் போடுகிற வழக்கம் கிடையாது. லத்தீபின் அம்மா காதர் பீவி வைத்த கட்டுப்பாடு அது. விழுந்த முடியைச் சுருட்டி, கொல்லையில் மாதுளை மரத்தடியில் மண்ணைக் கிளறிப் புதைத்துவிட வேண்டும். "முடியும் நம்ம உடம்புல ஒரு பங்குதான். அந்நிய ஆம்பள கண்ணுல படக்கூடாது, யாரு காலுலயும் மிதிபடக்கூடாது" என்பார். நர்கீஸ் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்துவந்தாள்.

அன்று மாலை லத்தீப் சோற்றுக்கு உட்கார்ந்தார். கத்தரிக்காய் தால்சாவும் பொரித்த அப்பளமும் இருந்தன. இரண்டு கவளம் தின்றுவிட்டுக் கையை நிறுத்தினார்.

"ஒன் முடிய பள்ளிக்கூடத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கியா?"

நர்கீஸின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அப்போதுதான் அவளுக்கு அது முடியாகத் தெரிந்தது.

"பாடத்துக்கு மச்சான். புள்ளைக முடியெல்லாம் எண்ண. அதான் யோசிக்காம..."

"ஜட்காக்காரன் பாத்திருக்கான். டீக்கடை பூரா பேச்சு. பொம்மையன் குழிக்குள்ள நின்னுக்கிட்டு என்னையக் கேக்குறான், ஒன் பொண்டாட்டி முடி என்ன சொல்லுதுன்னு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க நிக்கிறது?"

"நாளைக்கே எடுத்துர்றேன்."

"எடுக்கிறது மட்டுமில்ல. நீயும் நின்னுக்க. போதும், வேலைக்குப் போனது."

அவர் தட்டிலேயே கை கழுவினார். தால்சாவின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது.

நர்கீஸ் மாமியாரைப் பார்த்தாள். நிக்காஹ் பேச்சின்போது, படித்த பெண் வேலைக்குப் போகட்டும் என்று வாக்குக் கொடுத்தவர் மாமனார் கிதர் முகம்மது. அவர் மவுத்தான பிறகு அந்த வாக்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. தினமும் காலையில் ஜட்கா வந்து நிற்கும்போது காதர் பீவி ஒன்றும் சொல்லாமல் இருப்பார். அந்தச் சும்மா இருத்தலை அனுமதி என்று வைத்துக்கொண்டு நர்கீஸ் படியிறங்குவாள். இப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று நர்கீஸுக்குத் தெரியவில்லை. ஒரே ஆள், ஒரே மௌனம். நேற்று வரை அது கதவைத் திறந்து வைத்திருந்தது.

காலையில் ஜட்கா வந்தது. சிலுவைமுத்து தலையைக் குனிந்தபடி நின்றார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது. நர்கீஸ் பையை எடுக்கலாமா வேண்டாமா என்று நின்றபோது காதர் பீவி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"நானும் வாரேன். அத நான் பாக்கணும்."

இருவரும் ஜட்காவில் ஏறினார்கள். திரைக்கு வெளியே குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. மலைக்கோட்டைக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது. பெரிய டீச்சரிடம் என்ன சொல்லி விடைபெறுவது என்று நர்கீஸ் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எந்த வாக்கியமும் முடியவில்லை.

வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து, "வணக்கம் பாட்டி" என்றார்கள். காதர் பீவிக்கு அய்யம்மாள் முக்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. நேராகப் பெட்டியிடம் போனார்.

"எங்க முடி?"

"இந்தா பாட்டி, இங்க பாருங்க. இந்தப் பக்கம் தலையச் சாச்சுப் பாருங்க" என்று புஷ்பம் காட்டினாள். "வெளிச்சம் பட்டாத்தான் தெரியும்."

காதர் பீவி வெகுநேரம் பார்த்தார். "இந்த ஒத்த முடியா அம்புட்டையும் நகட்டுது?"

"ஆமா பாட்டி. மழ வார நேரம் முடி நீளுமாம். முந்தாநாள் துணியப் போத்தினோம், இம்புட்டுத் தூரம் போச்சு. டீச்சர் முடி மட்டும்தான் வேல செய்யுது. எங்க முடியெல்லாம் எண்ணைல தூங்குது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நர்கீஸ் கதவோரத்தில் நின்றாள். மாமியாரின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எடுத்துக் குடு, நர்கீஸு."

நர்கீஸ் போய் முடிச்சை அவிழ்த்தாள். பொத்தான் கீழே விழுந்து உருண்டது. ஊசி தலை தொங்கியது. பிள்ளைகளின் முகம் அப்படியே வாடிப்போனது. ஒருத்தி மட்டும், "அப்ப இனிமே ஈரப்பெட்டி இல்லையா?" என்று மெல்லக் கேட்டாள்.

காதர் பீவி மருமகளின் முடியை விரலில் சுருட்டி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். வெளியே இறகு திரும்புவதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவச் சாத்து அய்யம்மா."

கதவு சாத்தியதும் முக்காட்டைப் பின்னால் தள்ளினார். புருஷன் போன பிறகு எண்ணெய் வைப்பதை விட்டிருந்தார். காய்ந்த, வெள்ளை வெளேரென்ற முடி. கோடாலிக் கொண்டையை அவிழ்த்தார்.

"என் முடியில எண்ண இல்ல. இது வேல செய்யுமான்னு பாரு."

"மாமி..."

"என்னாடி முழிக்கிற? வயசுப் பொம்பள முடிக்குத்தான் திரை. இந்த நரச்ச முடிய எவன் பாத்து என்ன ஆகப்போகுது? எடு. மெதுவா எடு, வலிக்கும்."

அந்த முடியைக் கட்டியபோது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். ஈரத்துணி போர்த்தினார்கள். எடுத்தார்கள். ஊசி நீலத்துக்குப் போயிருந்தது. "பாட்டி முடி வேல செய்யுது! பாட்டி முடி வேல செய்யுது!" என்ற கூச்சலில் காதர் பீவி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

கிளம்பும்போது நர்கீஸிடம் சொன்னார். "ஒண்ணு கேட்டுக்க. இது இங்க இருக்கிற வரைக்கும் மிதிபடக்கூடாது. நான் மவுத்தாயிட்டா இத எடுத்துக்கிட்டு வந்து என் கபன் துணியில வச்சிரணும். என் உடம்புல ஒரு பங்கு வெளியில கெடக்கக்கூடாது."

"சரி மாமி."

அன்று மாலை மகன் சோற்றுக்கு உட்கார்ந்ததும் காதர் பீவியே தொடங்கினார். "அங்க இப்ப தொங்குறது என் முடி லத்தீபு. ஒனக்கு வெக்கமா இருந்தா என் முடிய எடுன்னு என்கிட்ட சொல்லு. அவ போறது ஒங்க அத்தா குடுத்த வாக்கு." கபனைப் பற்றியும் சொன்னார்.

லத்தீப் தின்று முடித்துவிட்டு எழுந்தார். தட்டில் கை கழுவவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. நர்கீஸ் போவாள், வருவாள். அவர் பார்க்காத மாதிரி இருப்பார். காதர் பீவி மட்டும் தினமும் மாலையில், அவள் முக்காட்டை எடுப்பதற்கு முன்பே கேட்பார்: "ஊசி எங்க நிக்குது?" வறட்சி என்றால், "ம்" என்பார். ஈரம் என்றால் கொல்லையில் காயும் மிளகாயை அள்ளச் சொல்வார். சிறுமலைப் பழம் விற்பவள் கூடையோடு வந்தால், "மழ வருது, வெரசா வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்புவார். மழை வந்த நாளும் உண்டு. வராத நாளில், "முடி ஈரம்னுதான் சொல்லுச்சு, மழைன்னா சொல்லுச்சு?" என்பார். அது மருமகளிடம் அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்துக்குப் போனார்கள். புதிய நாலாம் வகுப்பு வந்தது. இறகு மாறியது, பலூன் தோல் கிழிந்து மாறியது. முடி மட்டும் மாறவில்லை.

பிறகு ஒரு கார்த்திகையில், அடைமழைக்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், காதர் பீவி தொழுகைப் பாயிலேயே சாய்ந்துவிட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பேசி முடித்தார்கள். அந்தப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சாவி அய்யம்மாளிடம் இருக்கும். வீடு முழுக்கப் பெண்கள். குளிப்பாட்டுகிறவர்கள் வெந்நீருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். நர்கீஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடைவாசல் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மச்சான். மாமிக்கு ஒரு வாக்கு குடுத்திருக்கேன். பள்ளிக்கூடத்துல..."

"தெரியும்" என்றார் லத்தீப்.

வேறு யாரையும் அனுப்பவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தானே இறங்கினார். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடியது. அய்யம்மாள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போய்க் கதவைத் திறந்தாள்.

அவர் அந்த வகுப்புக்குள் அதற்குமுன் வந்ததில்லை. சின்னச் சின்னப் பலகைகள், பஞ்சு மேகம் ஒட்டிய நீலக் காகிதம், ஜன்னலோரத்தில் அந்தப் பெட்டி. தன் மனதில் அவர் வேறொன்றை வைத்திருந்தார். கூந்தல் கூந்தலாகத் தொங்கும் ஏதோ ஒன்றை. இங்கே ஒன்றும் தெரியவில்லை.

"எங்க இருக்கு?"

"தலையச் சாச்சுப் பாருங்க ராவுத்தரே. வெளிச்சம் பட்டாத்தான் தெரியும்."

அவர் குனிந்தார். சாய்ந்தார். மழை வெளிச்சத்தில் ஒரு நரை இழை மின்னியது. ஊசி நீலக்கோடியைத் தொட்டு நின்றது. அதற்குமேல் போக இடமில்லை.

முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார். தோல் பதம் பார்த்துக் காய்ப்பேறிய விரல்களுக்கு அந்த முடிச்சு அகப்படவில்லை.

"முடி அத்துராம, ராவுத்தரே" என்றாள் அய்யம்மாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே இறகு நனைந்து குப்பியோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு பெட்டியோடு தூக்கிக்கொண்டார். திரும்பி வரும்போது குடை பெட்டிக்குத்தான் இருந்தது. அவர் முழுக்க நனைந்து வந்தார். தெருவில் நின்ற ஆட்கள், மையத்து வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டிக்குக் குடை பிடித்து வருவதைப் பார்த்து வழிவிட்டார்கள். பொம்மையனும் அங்கேதான் நின்றான்.

நர்கீஸ் முடிச்சை அவிழ்த்தாள். பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டாள், இந்த முறை அது உருளவில்லை. முடி கபனுக்குள் போனது. எல்லாப் பங்கும் சேர்ந்து மையவாடிக்குப் போனது.

காலிப் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. மாடத்தில் கிடந்தது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். வேறு பாடம் நடத்தினாள். வீட்டில் அதைப் பற்றிப் பேச அவளுக்குத் துணிவில்லை. மாமியார் இல்லாத வீட்டில் தன் வேலை எதன்மேல் நிற்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஜட்கா வந்து நிற்கும் ஒவ்வொரு காலையும் லத்தீபின் வாயிலிருந்து ஏதாவது வருமோ என்று காத்திருந்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தது. அதற்கடுத்த நாள் காலையில் லத்தீப் மாடத்திலிருந்து பெட்டியை எடுத்தார். துண்டால் தூசியைத் துடைத்தார். அவளுடைய பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"புள்ளைக கேக்கலியா?"

"கேக்குதுக."

"அப்ப கட்டிக் கொண்டு போ."

அவள் காலிக் குண்டூசியைத் தொட்டுப் பார்த்தாள். "யாரு முடிய?"

லத்தீப் கொல்லைப் பக்கம் திரும்பி மாதுளை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜட்காக் குதிரை வாசலில் கனைத்தது.

"இந்த வீட்டுல வேற யாரு முடி இருக்கு?" என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து கட்டினாள். நூல்கட்டையை அவர் பிடித்துக்கொண்டார்.

அன்று ஷாப்பில் பொம்மையன் காய்ப்பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வானம் வெள்ளையாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தது. பழைய கேலி அவன் நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். துக்க வீட்டுக்காரர் என்பதால் விழுங்கிக்கொண்டான்.

லத்தீப்தான் சொன்னார்.

"என்ன பாக்குற பொம்மையா? தோல உள்ள எடுத்துப் போடு. காலையில என் வீட்டுக்காரி முடி ஈரம்னுருச்சு."

குழியில் இருந்தவர்கள் காலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பொம்மையன் ஏறி வந்து முதல் தோலை உருவினான்.

அன்று மழை பெய்ததா என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. சாயங்காலத்துக்குள் தோல்கள் எல்லாம் உள்ளே போயிருந்தன.